ஆடிப் பட்டத்துக்கு ஊர் உண்டு

ஆடி பிறந்தால் போதும், 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற வரி எங்கிருந்தெல்லாமோ கிளம்பிவிடும். காலண்டர் தாளின் அடியில் இருக்கும். மாடித் தோட்டத்துக்கு விதைப் பொட்டலம் விற்கிறவர்கள் போடுவார்கள். பரஸ்பர நிதி விற்கிற தம்பி ஒருவர் எனக்கு அனுப்பிய வாழ்த்திலும் அதே வரிதான். பணத்தையும் ஆடியில் விதைக்க வேண்டுமாம். எனக்கு இதிலெல்லாம் கோபமில்லை. ஆனால் எங்கள் அப்பாயி எந்த வயல், எந்த விதை, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வரியைச் சொன்னதே கிடையாது.

வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உத்தியோகக் காலம் முழுக்க டெல்டாவிலேயே கழிந்தது. மேடையில் யாராவது 'முன்னோர் ஞானம்' என்று பழமொழிகளைப் பொத்தாம்பொதுவாகப் புகழ ஆரம்பித்தால் என் மனம் எழுந்து வெளியே போய்விடும். கிழவிகளும் கிழவன்களும் சொன்னவற்றில் பெரும்பாலானவை வேலைக் குறிப்புகள். அவற்றுக்கு ஊர் உண்டு, மாதம் உண்டு, சிலவற்றுக்கு முதலாளியும் உண்டு. மேட்டூரில் ஓர் அணை எழும்பியதும் அவற்றில் பாதி ஆட்டம் கண்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனம். அப்பாயிக்குப் பிறந்த தேதி கிடையாது. "வெள்ளத்து வருசம் நான் சடங்கானேன்" என்பாள். அது ரக்தாட்சி வருஷம் ஆடி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் கரை கொள்ளாமல் தண்ணீர் வந்த அந்த வெள்ளத்தைத்தான் டெல்டாவில் ஒரு தலைமுறை முழுவதும் வயது கணக்கிடப் பயன்படுத்தியது. அதே 1924 பிப்ரவரியில் மைசூரும் சென்னை மாகாணமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. மறுவருஷம் மேட்டூரில் வேலை தொடங்கியது. பவ வருஷம் ஆவணியில், 1934 ஆகஸ்ட் 21 அன்று, அணை திறக்கப்பட்டபோது அப்பாயிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஆகவே அவள் இரண்டு பஞ்சாங்கத்திலும் பயிர் வைத்தவள். அணைக்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று. "டேம் கட்டறதுக்கு முந்தி" என்று அவள் ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சீக்கிரம் முடியாது.

அணைக்கு முந்திய கணக்கு இப்படி. குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் காவிரியில் புதுத் தண்ணீர் வரும். ஆனியிலும் வரலாம், ஆடியிலும் வரலாம். கல்லணையைத் தாண்டி வெண்ணாற்றில் பிரிந்து, கடைமடைக்கு வந்து சேருவதற்குள் இன்னும் நாளாகும். அதற்குள் ஊரில் பாதிப் பேர் ஆற்று மணலில் போய் நின்று மேற்கே பார்த்துவிட்டு வருவார்கள். தண்ணீர் வந்த பிறகு போட வேண்டிய முக்கியப் பயிர் சம்பா. அந்தக் காலத்துச் சம்பா ரகங்கள் ஐந்து மாதம், ஆறு மாதம் வயலில் நிற்கிறவை. அவற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பகல் பொழுது குறைந்தால்தான் கதிர் தள்ளும். நீங்கள் ஆடியில் விதைத்தாலும் ஆவணிக் கடைசியில் விதைத்தாலும் அது பூப்பது கார்த்திகை, மார்கழியை ஒட்டித்தான். முன்னால் விதைத்தவனுக்குத் தூர் கட்டுவதற்கு நாள் கிடைக்கும். பின்னால் விதைத்தவன் பயிர் சோனியாக இருக்கும்போதே கதிருக்குப் போய்விடும். ரொம்ப முன்னால் விதைத்தாலும் வம்பு. பயிர் ஆள் உயரம் வளர்ந்து ஐப்பசி மழையில் படுத்துவிடும். ஆடி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சின்ன வாசல். 'தேடி' என்ற சொல் அங்கே சும்மா எதுகைக்காக வந்து உட்காரவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயமில்லாத ஆற்றங்கரையில் அந்த நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

கரிசல் காட்டிலும் இதே பழமொழி உண்டு. அங்கே விதைப்பது வேறு, காத்திருப்பது வேறு மேகத்துக்கு. வரி ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் ஆடிப் பட்டம் என்றால் நாற்றங்கால். நிலத்தில் சேறடித்து, முளைகட்டிய விதையைக் கோணிச் சாக்கிலிருந்து எடுத்து, சாயங்கால நேரத்தில் காற்று அடங்கிய பிறகு தெளிப்பார்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, முளை விதை ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். அதனால்தான் சாயங்காலம்.

சம்பா ஆடியில் விதைத்து, ஆவணி புரட்டாசியில் நட்டு, ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து, தையில் அறுவடைக்கு வரும். எங்கள் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் அந்த வடகிழக்குப் பருவத்தில் வருவதுதான். அப்பாயியின் வாக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே இந்த ஒரே பயிரின் மேல் நிற்பது தெரியும். 'கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை, கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை' என்பது கதிர் பூத்த பிறகு மழை தொந்தரவு இருக்காது என்ற நம்பிக்கை. 'மார்கழி மழை மண்ணுக்கும் உதவாது' என்பது தப்பித் தவறிப் பெய்தால் நெல் பதராகும் என்ற பயம். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது களத்தில் கட்டுக் காவலுக்குப் படுக்கிறவன் போர்வை எடுத்துக்கொண்டு போகச் சொன்ன ஏற்பாடு. அந்த மாதிரிப் படுத்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் மிகையே கிடையாது. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பதற்கு இன்று ஆயிரம் தத்துவ விளக்கம் சொல்கிறார்கள். குத்தகைக் குடும்பத்தில் தை என்றால் குதிரில் நெல், கடைக்காரனுக்குப் பாக்கி தீர்ப்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புவது. வேறெந்த மாதத்திலும் கையில் ஒன்றும் இருக்காது.

குறுகிய காலப் பயிரான குறுவை அப்போதும் இருந்தது. ஆனால் அது சூதாட்டம். தண்ணீர் முன்னால் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கென்றே ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். குறுவை விதையோடு ஒட்டடான் என்ற நீண்ட வயது நெல் விதையைக் கொஞ்சம் கலந்து ஒரே நாற்றாக விட்டு நட்டுவிடுவது. குறுவை பழுத்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள். ஒட்டடான் அந்தத் தாளிலிருந்து மறுபடி துளிர்த்துத் தை மாசியில் தனி அறுவடை கொடுக்கும். ஒரே உழவு, ஒரே நடவு, இரண்டு அறுப்பு. மழையும் வெள்ளமும் எதை எடுத்துக்கொண்டாலும் மற்றது மிஞ்சும். நான் விவசாயப் படிப்பு முடித்து வந்து இதை 'காலாவதியான முறை' என்று சொன்னபோது அப்பாயி வாதாடவில்லை. "ஆமாண்டா, அப்ப சர்க்காரு சம்பளம் இல்ல எங்களுக்கு" என்றாள்.

மேட்டூர் வந்த பிறகு ஒரு தேதி பிறந்தது. ஜூன் 12. எந்தப் பஞ்சாங்கத்திலும் விசேஷமில்லாத நாள், வைகாசிக் கடைசி வாரம். அணை அன்று திறந்து ஜனவரி 28-இல் மூடும் என்ற வழக்கம் ஏற்பட்டதும் டெல்டாவின் வருஷம் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அடங்கிவிட்டது. 120 அடி, 93.47 டி.எம்.சி. என்ற எண்களைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். என் அப்பா காலையில் ரேடியோவில் மேட்டூர் நீர்மட்டம் கேட்காமல் பல் விளக்க மாட்டார். அப்பாயிக்கு ஆடி எப்படியோ, அப்படி அப்பாவுக்கு ஜூன் 12. ஒரு வித்தியாசம்: ஆடியைக் குடகு மேகம் தீர்மானித்தது. ஜூன் 12-ஐச் சென்னையில் ஒரு கோப்பு தீர்மானித்தது. பிற்பாடு அதையும் பெங்களூரும் டெல்லியும் சேர்ந்து தீர்மானித்தன.

குறுவை நிச்சயமான பயிராயிற்று. அதற்கேற்ற ரகங்கள் வந்தன. 1922-இலேயே தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தபோது டெல்டாவே குறுவைக்கு இறங்கியது. ஜப்பான் ரகத்தையும் நம் ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது அது. 1960-இல் தஞ்சாவூருக்கு வந்த பாக்கேஜ் திட்டத்தில் உரமும் கடனும் கிராமத்துக்குள் நுழைந்திருந்தன. அதற்குப் பின் ஐ.ஆர். 8. குறுவை, தாளடி, சம்பா என்று மூன்று பெயர்களும் அன்றாடப் பேச்சாயின. குறுவை அறுத்த தாளிலேயே உழுது தாளடி நட்டார்கள்.

இங்கேதான் அப்பாயியின் வாக்குகள் திணறின. குறுவையை ஆனி ஆடியில் நட்டால் அறுவடை புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. அதாவது வடகிழக்குப் பருவமழை கதவைத் தட்டும் நேரம். பழைய பஞ்சாங்கத்தில் ஐப்பசி என்பது பயிர் மழை குடிக்கிற மாதம், நெல் காயப்போடுகிற மாதம் அல்ல. ஈர நெல்லை என்ன செய்வது என்பதற்கு அவளிடம் ஒரு பழமொழியும் கிடையாது. இருந்திருக்க நியாயமும் இல்லை. டெல்டாவில் இன்றைக்கும் ஒவ்வொரு ஐப்பசியிலும் சாலையோரம் தார்ப்பாய் விரித்து நெல்லைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்தக் காட்சிக்கு வயது மேட்டூர் அணையின் வயதுதான்.

பழமொழி இல்லாவிட்டாலும் அவளிடம் பல் இருந்தது. குவியலின் நடுவில் முழங்கை வரை கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுப்பாள். மேலே இருக்கும் நெல்லைத் தொடவே மாட்டாள், அது வெயில் பட்டு ஏமாற்றும் என்பாள். பிடியிலிருந்து இரண்டு மூன்று மணிகளைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பாள். 'கடக்' என்று உடைந்தால் மூட்டை கட்டலாம். பல்லில் மசிந்தால் இன்னொரு வெயில். உடைந்தும் உள்ளே மாவு ஒட்டினால், "சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்." உமியைத் துப்பிவிட்டு அடுத்த குவியலுக்குப் போவாள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் எடுக்க மாட்டார்கள். மழை வருஷங்களில் டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்து 19, 20, 22 என்று தளர்த்துவார்கள். ஈரப்பத மீட்டரோடு நான் வீட்டுக்குப் போன ஒரு நாள் அவள் கடித்துச் சொன்ன குவியல்களையெல்லாம் அளந்து பார்த்தேன். 'கட்டலாம்' என்றவை எல்லாம் எல்லைக்குள் இருந்தன. அவள் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்குப் பல் வலி வராது என்று மட்டும் சொன்னாள்.

நடவு விஷயத்தில் அவளுக்கு நாலு பயிருக்கும் சேர்த்து ஒரே சூத்திரம். 'நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை.' தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது உண்டு. எந்தப் பயிருக்கு எவ்வளவு இடைவெளி என்பதை அளவுகோலே தெரியாதவர்களுக்கு ஒரு மூச்சில் கற்பித்துவிடுகிற வரி. தேர் ஓட என்றால் 25 அடி என்று நாங்கள் துண்டறிக்கையில் அச்சடித்தோம். கல்லணைக் கால்வாயும் மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து வந்து பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் போன பிறகு, அந்தச் செம்மண்ணில் தென்னை வைத்தவர்களில் இந்த வரியை மதித்தவர்களும் உண்டு, ஏக்கருக்குப் பத்து மரம் கூட வரட்டுமே என்று நெருக்கியவர்களும் உண்டு.

நெல்லுக்குத்தான் வேடிக்கை. 'நண்டு ஓட' என்று வாயால் சொல்லிக்கொண்டே நடவு வயலில் நெருக்கி நட்டார்கள். கொத்துக்கு ஐந்தாறு நாற்று. காரணம் கேட்டால் ஒன்று செத்தாலும் மற்றது நிற்குமே என்பது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண வேளாண்மைத் துறை ஒற்றை நாற்று நடவைப் பரப்பிப் பார்த்தது. அது முழுதாக ஒட்டவில்லை. அப்புறம் மடகாஸ்கர் தீவில் ஆன்றி த லொலானியே என்ற ஏசு சபைப் பாதிரியார் எண்பதுகளில் உருவாக்கிய முறை, 2000-க்குப் பிறகு நம் வேளாண் பல்கலைக்கழகம் வழியாக 'திருந்திய நெல் சாகுபடி' என்று எங்கள் கைக்கு வந்தது. பதினான்கு நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில். அடையாளம் போட மார்க்கர் என்று ஒரு இரும்பு உருளை, களையை மண்ணோடு புரட்ட கோனோ வீடர்.

அந்த உருளையோடு கிராமம் கிராமமாகப் போன காலத்தில் என்னை அதிகம் திட்டியவர்கள் நடவுப் பெண்கள். இவ்வளவு சின்ன நாற்றை விரலில் பிடிக்கவே முடியவில்லை, அதுவும் கோட்டில்தான் நட வேண்டுமென்றால் கூலி எப்படிக் கட்டுபடியாகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு கிழவி மட்டும் கரையில் நின்று உருளை போட்ட கட்டங்களைப் பார்த்துவிட்டு, குனிந்து கையைச் சேற்றில் வைத்து ஒரு சாண் அளந்தாள். கட்டைவிரல் ஒரு கோட்டில், சுண்டுவிரல் அடுத்த கோட்டில். ஒன்பது அங்குலம். "நண்டு ஓட நடுன்னு என் மாமியா சொன்னா, நீ இரும்புல எழுதிக்கிட்டு வந்திருக்க" என்று சொல்லி இறங்கி நட ஆரம்பித்தாள். பயிற்சிக் கூடத்தில் மூன்று நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் அந்த ஒரு வாக்கியத்தில் வாங்கிக்கொண்டாள். பழமொழி செத்திருக்கவில்லை. நிலமும் கூலியும் அதை நடத்த விடவில்லை, அவ்வளவுதான்.

எல்லா வாக்கையும் நான் இப்படிக் கொண்டாட மாட்டேன். 'உடையவன் பாராப் பயிர் உருப்படுமா' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து உழைக்கச் சொல்கிற பொன்மொழியாக இன்று அதைப் போட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் அது மிராசுதார் வாயிலிருந்து வந்த வரி. உடையவன் என்றால் நிலம் எவன் பேரில் இருக்கிறதோ அவன். குத்தகைக்காரனையும் பண்ணையாளையும் கண்காணிக்காவிட்டால் நெல் வீடு வந்து சேராது என்பதுதான் அதன் பொருள். எங்கள் வீட்டில் ஒன்பது மா நிலம் குத்தகை. உடையவர் கும்பகோணத்தில் இருந்தார், வருஷத்துக்கு இரண்டு தடவை வண்டி கட்டிக்கொண்டு வருவார். அப்பாயி அந்தப் பழமொழியைச் சிரிக்காமல் சொன்னதே இல்லை. "உடையவன் பாராப் பயிருதான் ஊரு முச்சூடும் வெளைஞ்சு கெடக்கு" என்பாள்.

அதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது 'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது.' எண்சுவடிக் கணக்கில் நாழிக்கு நாலு உழக்கு, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக ஒரு கலத்தில் 384 உழக்கு. நாற்பது ஐம்பது கலம் கண்ட களத்தில் ஓர் உழக்கு மிஞ்சாது என்றால் அது அலங்காரமாகத் தோன்றும். குத்தகைக் களத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தோன்றாது. முதலில் அறுப்புக் கூலி, பிறகு கோயிலுக்கு, வெட்டியானுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, ஆசாரிக்கு என்று அளப்பு. அதன் பின் உடையவருக்கு மேல்வாரம். அதிலும் மரக்காலில் விளையாட்டு. வாங்குகிற மரக்கால் ஒன்று, கொடுக்கிற மரக்கால் ஒன்று என்பாள் அப்பாயி. கடைசியில் விதைக்கடன் வட்டியோடு. இதெல்லாம் போய் முற்றத்தில் கிடக்கிற பதரையும் கருக்காயையும் கூட்டி அள்ளுவதுதான் குடியானவன் பங்கு. 1952-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைக்காரருக்கு ஐந்தில் இரண்டு பங்காவது கிடைக்க வேண்டும் என்றது. 1956-இல் நியாய வாரச் சட்டம் நஞ்சையில் உடையவர் பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்தது. ஐந்தில் இரண்டைச் சட்டம் போட்டுத் தர வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் என்ன நிலைமை என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அந்த நிலைமையைத்தான் இந்தப் பழமொழி கணக்குப்பிள்ளை போல எழுதிவைத்தது. 'கணக்குப் பார்க்காதே, உழு' என்று அதை இப்போது விவசாயிக்கே உபதேசமாகச் சொல்கிறபோது எனக்கு வயிறு எரிகிறது. கணக்குப் பார்க்கச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஊரும் மாதமும் முதலாளியும் எங்கே தொலைந்தன என்று யோசித்தால், பழமொழிகளை அச்சேற்றியவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து பின்னர் சென்னைக்கு வந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு 1874 பதிப்பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. 1894-இல் ஜான் லாசரஸ் ஒன்பதாயிரத்துக்கு மேல் திரட்டி அகராதியாகப் போட்டார். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தார். நம் காலத்தில் கி.வா.ஜகந்நாதன் இருபதாயிரத்துக்கும் மேல் சேர்த்தார். இவர்கள் இல்லாவிட்டால் பாதி வரிகள் நமக்குக் கிடைத்தே இருக்காது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அகர வரிசை என்பது பொல்லாத வரிசை. ஆடிப் பட்டத்துக்கும் ஆடிக் காற்றுக்கும் பக்கத்தில் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொன்னவர் உழுகிறவரா, உடையவரா, மேட்டூருக்கு முந்தியா, பிந்தியா என்பதற்கெல்லாம் அங்கே பத்தி கிடையாது. பாதிரிமார் பிரசங்கத்துக்கு வேண்டியதைத் தேடினார்கள், பண்டிதர்கள் மொழிக்கு வேண்டியதைத் தேடினார்கள். நாற்றுக்கு வேண்டியதைத் தேடுகிறவன் அந்தப் புத்தகங்களை வாங்கவில்லை.

2012-இல் தொடங்கி 2019 வரை மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை. தொடர்ந்து எட்டு வருஷம். கர்நாடகம் வருஷத்துக்கு விட வேண்டியது 192 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் 177.25 ஆக்கியது. தீர்ப்பில் தண்ணீர் இருந்தது, ஆற்றில் வந்தால்தானே. ஆழ்துளைக் கிணறு இருக்கிற மேல் டெல்டாவில் குறுவை ஓரளவு பிழைத்தது. எங்கள் பக்கம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமெல்லாம் குறுவையை மறந்தோம். 2018-இல் அணை ஜூலையில் நிரம்பி வழிந்தது, ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியது. தண்ணீர் வந்த வருஷத்திலும் தண்ணீர் நிற்கவில்லை.

அந்த எட்டு வருஷத்தில் ஊரில் நடந்ததை ஓய்வு பெறும் தறுவாயில் நின்று பார்த்தேன். அணைத் தேதியை நம்பிப் பழகியவர்கள் மறுபடி வானத்தைப் பார்த்தார்கள். கோடை மழையில் புழுதி உழவு ஓட்டி, ஆடி ஆவணியில் காய்ந்த மண்ணிலேயே சம்பா விதையைத் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். நேரடி விதைப்பு என்று அலுவலகத்தில் பெயர். அப்பாவின் தலைமுறை அறுபது எழுபது வருஷம் மூலையில் போட்டிருந்த வரிகளைப் பேரன்கள் தேடினார்கள். 'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை' என்பதை நான் அலுவலகக் கூட்டத்தில் ஒரு விவசாயி வாயால் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. களை மட்டும் காடாக மண்டியது. நேரடி விதைப்பில் அதுதான் சாபம். 'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்பது அந்த வருஷங்களில் எங்கள் வட்டாரத்தில் பழமொழியாக இல்லை, விளைச்சல் அறிக்கையாக இருந்தது.

ஆனால் திரும்பி வந்த பஞ்சாங்கமும் பழைய பஞ்சாங்கமாக இல்லை. கார்த்திகைக்கு மேல் மழை இல்லை என்று நம்பி இருந்தவர்களுக்கு 2021 ஜனவரியில் பொங்கலையொட்டி மழை கொட்டியது. அறுக்க வேண்டிய சம்பா தண்ணீரில் படுத்து, கதிரிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், தை முடிகிற சமயத்தில், மறுபடியும். அப்பாயியின் வாக்கு பொய்த்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னது அவள் பார்த்த வானத்துக்கு.

2024-இல் அணை ஜூலை 28-இல்தான் திறந்தது. ஆடி 12. என் அண்ணன் மகன் போன் செய்தான். பொறியியல் படித்துவிட்டு நிலத்துக்குத் திரும்பி வந்தவன்.

"சித்தப்பா, குறுவை போச்சு. இப்ப என்ன விடலாம்?"

"ஆத்துல தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"இன்னும் நாலஞ்சு நாளாவும் நம்மகிட்ட வர."

"சி.ஆர். 1009 கெடைச்சா இந்த வாரமே நாத்து விட்டுடு. ஆவணி பாதியைத் தாண்டிட்டா அது வேணாம், நூத்தி முப்பத்தஞ்சு நாள் ரகத்துக்குப் போயிடு. மேட்டு மூலையில நாத்தங்கால் போடு, ஐப்பசியில முங்கினாலும் நடவு தப்பிச்சிருக்கணும்."

விதை டெப்போவில் 1009 தீர்ந்துபோயிருந்தது. கோட்டூரில் மச்சான் வீட்டில் போன வருஷத்து விதை இருந்தது. இரண்டு சிப்பம் வாங்கி வந்து, முளைப்புத்திறன் பார்க்க ஈரச் சாக்கில் நூறு நெல் கட்டிவைத்தான். எண்பத்தெட்டு முளைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், காற்று அடங்கிய பிறகு, தெளித்தான்.